துரைமார்களும் சுதேசிகளும்: பக்கிங்ஹாம் அரண்மனைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செய்தித் தொடர்பு அலுவலகத்தார்,
பக்கிங்ஹாம் அரண்மனை, லண்டன்.

பொருள்: 2005 ஜனவரியில் நடந்த ஒரு பிறந்தநாள் விருந்தின் தலைப்பு தொடர்பாக.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் 32 ஆண்டுகள் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். விடுநர், பெறுநர், பொருள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டே காலம் ஓடியது. மேலே உள்ள பொருள் வரியைப் பார்த்துவிட்டு, ‘உடை தொடர்பாக’ என்று எழுத வேண்டியதைத் தலைப்பு என்று மாற்றி எழுதிவிட்டாள் கிழவி என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தேதான் எழுதினேன். இளவரசர் ஹாரி அன்று அணிந்த உடையைப் பற்றி உலகம் வாய் ஓயும்வரை பேசிவிட்டது. அந்த உடையை அணியச் சொன்ன தலைப்பைப் பற்றி உங்கள் அலுவலகத்திலிருந்து இன்றுவரை ஒரு வரி வரவில்லை.

இத்தனை ஆண்டு கழித்து இவளுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். போன மாதம் என் பேத்தி பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை கொண்டுவந்தாள். ஆண்டு விழா, மாறுவேடப் போட்டி, தலைப்பு ‘உலக மக்கள்’. “பாட்டி, நான் ஆப்பிரிக்கா போடட்டுமா? முகத்தில் கறுப்பு மை, இடுப்பில் வைக்கோல், கையில் ஒரு ஈட்டி. அவ்வளவுதான், சுலபம்” என்றாள். ஒன்பது வயது. ஒரு கண்டமே அவளுக்கு ஒரு டப்பா மையில் அடங்கிவிட்டது. அதட்ட வாயெடுத்தேன், வரவில்லை. சுற்றறிக்கையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்போது நினைவுக்கு வந்தது உங்கள் வீட்டு விவகாரம்.

நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இந்த மடலைப் படிக்கும் இளையவர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. 2005 ஜனவரி. ஒலிம்பிக் குதிரையேற்ற வீரர் ஒருவருடைய மகனின் பிறந்தநாளுக்கு மாறுவேட விருந்து. இளவரசர் ஹாரிக்கு அப்போது வயது 20. ஈட்டனில் படித்து முடித்து, சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் சேரக் காத்திருந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் தளபதி ரோமலின் ஆப்பிரிக்கப் படை அணிந்ததைப் போன்ற மணல்நிறச் சீருடை போட்டு, கையில் நாஜி ஸ்வஸ்திக் பட்டை கட்டிக்கொண்டு போனார். ஒரு கையில் கோப்பையும் மறு கையில் சிகரெட்டுமாக நின்ற படம் ஜனவரி 13 அன்று ‘சன்’ நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தது. ஆஷ்விட்ஸ் வதைமுகாம் விடுவிக்கப்பட்டதன் 60-ஆம் ஆண்டு நினைவு நாளுக்குச் சரியாக இரண்டு வாரம் இருந்தது. அந்த நாளில் உயிர் தப்பியவர்களை அழைத்து உபசரிக்க அவருடைய பாட்டியார் எலிசபெத் அரசியார் ஏற்பாடு செய்திருந்தார். சிறிய தகப்பனார் எட்வர்ட் போலந்துக்குப் போவதாக இருந்தது. அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மைக்கேல் ஹோவர்ட், ஹாரி தானே முன்வந்து தன் வாயால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அவருடைய பாட்டி ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர். இவரைச் சாண்ட்ஹர்ஸ்டில் சேர்க்கவே கூடாது என்று முன்னாள் ராணுவ அமைச்சர் ஒருவர் சொன்னார். இஸ்ரேலிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கண்டனங்கள் வந்தன.

ஒரு சிறு குறிப்பு. உண்மையான ஆப்பிரிக்கப் படையின் சீருடையில் அந்தக் கைப்பட்டை கிடையாது. அது நாஜிக் கட்சிக்காரர்கள் கட்டியது. ஆக, இரண்டையும் சேர்த்து மாட்டியதில் வரலாற்றுப் பாடத்திலும் பையனுக்கு மதிப்பெண் இல்லை.

இனி மன்னிப்புக்கு வருகிறேன். ஹாரியின் தந்தை சார்லஸின் அன்றைய அலுவலகமான கிளாரன்ஸ் ஹவுஸ் பெயரில் வந்த அறிக்கையை உங்கள் துறையில் யாரோ ஒருவர்தான் எழுதியிருப்பார். இரண்டே வாக்கியம். இளவரசர் ஹாரி ஏற்படுத்திய எந்த மனவருத்தத்துக்கும் சங்கடத்துக்கும் அவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அது சரியில்லாத உடைத் தேர்வு என்பதை அவர் உணர்கிறார். தீர்ந்தது.

நான் எத்தனை மன்னிப்புக் கடிதங்களைப் படித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. மதில் ஏறிக் குதித்தவன், பக்கத்துப் பையனின் சோற்றுப் பெட்டியில் மண்ணள்ளிப் போட்டவன், தேர்வில் பார்த்து எழுதியவள். கடிதம் வாங்கும்போது நான் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று, தன்மையில் எழுதியிருக்கிறானா. மன்னிப்பு என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும் நடுவே நடக்கிற காரியம். நான் செய்தேன், நீங்கள் மன்னியுங்கள். அதில் படர்க்கைக்கு இடமே இல்லை. ‘குமார் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறான்’ என்று குமாரே எழுதிக்கொண்டு வந்தால் நான் அதை மடித்து அவன் சட்டைப்பையில் திருப்பி வைத்துவிடுவேன். இரண்டு, செய்ததைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறானா. ‘ஏதாவது தவறு நடந்திருந்தால்’ என்று தொடங்கும் கடிதம் எதுவும் என் மேசையைத் தாண்டியதில்லை. ஏதாவது என்ன ஏதாவது? மண்ணள்ளிப் போட்டேன் என்று எழுது.

உங்கள் இரண்டு வாக்கியங்களும் முதலில் படர்க்கையில் தவறின. அதையும் ஒதுக்கிவிடலாம், அரண்மனைக்கு அதுதான் மரபு என்பீர்கள். இரண்டாவதில்தான் சிக்கல். ‘உடைத் தேர்வு’. திருமணத்துக்குக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனவனைப் பற்றிச் சொல்கிற சொல் அது. அலமாரியில் பத்து உடை இருந்தது, பையன் தவறானதை எடுத்துவிட்டான், வேறொன்றை எடுத்திருந்தால் எல்லாம் சுகம். அப்படித்தானே பொருள்?

அந்த வேறொன்று எதுவாக இருந்திருக்கும்? அங்கேதான் தலைப்பு வருகிறது.

அந்த விருந்தின் அழைப்பில் இருந்த தலைப்பு ‘கொலோனியல்ஸ் அண்ட் நேட்டிவ்ஸ்’. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு மாலைப்பொழுது முழுக்க யோசித்தேன். நேட்டிவ் என்றால் ஓரிடத்தில் பிறந்தவர், அவ்வளவுதான் என்று அகராதி சொல்லும். நீங்களும் சாமர்செட்டில் பிறந்தால் சாமர்செட்டுக்கு நேட்டிவ்தான். ஆனால் சென்னை ராஜதானியில் அந்தச் சொல்லை யார் மேல் ஒட்டினார்கள் என்பது எங்கள் பாட்டன் பூட்டன்களுக்குத் தெரியும். நேட்டிவ் காலாட்படை என்றால் குறைந்த சம்பளம் வாங்கிய படை. அந்த நேட்டிவ் என்ற சொல்லுக்கு எதிரே எங்கள் ஆட்கள் சுதேசி என்ற சொல்லை நிறுத்தினார்கள். 1906-இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் அந்தச் சொல்லைக் கம்பெனிப் பெயரில் சேர்த்துக் கடலில் கப்பல் விட்டார். பிறகு ராஜத்துரோக வழக்கில் சிறைப்பட்டுச் செக்கிழுத்தார். எதிர்ப்பக்கத்துச் சொல்லைத் தேடவே வேண்டியதில்லை, எங்கள் கிராமத்துக் குழந்தைக்கும் தெரியும்: துரை. எனவே ‘துரைமார்களும் சுதேசிகளும்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். இப்போது உங்கள் தலைப்பைத் தமிழில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பிறந்தநாள் கேக்கு வெட்டுகிற வீட்டில் மாட்டிவைக்கிற பலகையா இது?

ஹாரியின் அண்ணன், இன்று பட்டத்து இளவரசராக இருக்கும் வில்லியம், அன்று சிங்க வேடம் போட்டுப் போனார். யாரும் குறை சொல்லவில்லை. சிங்கம் யாரையும் புண்படுத்தாது. ஆனால் அந்தத் தலைப்பில் சிங்கம் எந்தப் பக்கம் வரும் என்று யோசித்தீர்களா? துரைமார் பக்கம் வராது. காடும் காட்டு விலங்கும் அங்கே வாழ்ந்த மனிதர்களும் ஒரே கணக்கில், ‘அங்கே இருந்தவை’ என்ற கணக்கில், எதிர்ப்பக்கம் வந்துவிடும். ஆள் வேடம், விலங்கு வேடம் என்ற வித்தியாசம்கூட அந்தத் தலைப்புக்குத் தேவைப்படவில்லை.

ஹாரியின் உடைக்கு வருவோம். ஒரு நாஜிச் சிப்பாய்க்கும் துரைமார் விருந்துக்கும் என்ன தொடர்பு என்று அன்றைக்கு நானும் குழம்பினேன். பிறகுதான் புரிந்தது. ரோமலின் படை எங்கே போரிட்டது? வடஆப்பிரிக்காவில். பாலைவனச் சீருடை அணிந்து அடுத்தவன் நாட்டு மண்ணில் நிற்கும் ஐரோப்பியன், அவன் ஜெர்மானியனாக இருந்தால் என்ன, தலைப்புக்கு ஒத்துவருகிறான். அதாவது அந்தப் பையன் தலைப்பை மீறவில்லை. தலைப்பு கேட்டதை ஒழுங்காகக் கொடுத்தான். ‘அயலான் மண்ணில் ஆண்டையாக நின்றவர்கள்’ என்ற அலமாரியைத் திறந்து காட்டி, இதில் விருப்பமானதை எடுத்துக்கொள் என்றது அழைப்பிதழ். உள்ளே அந்தப் பட்டையும் தொங்கியது. அலமாரியைத் திறந்து வைத்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லாமல், எடுத்தவனின் தேர்வு சரியில்லை என்று இரண்டு வாக்கியத்தில் முடித்தீர்கள்.

அந்தப் பட்டையின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆஷ்விட்ஸில் மட்டும் சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பத்து லட்சம் பேர் யூதர்கள். அதை ஒரு விருந்தில் கட்டிக்கொண்டு நின்றதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவர்களிடம் ஹாரி பிற்பாடு கேட்டார் என்றே தெரிகிறது. லண்டனில் யூதர்களின் தலைமை ரபியைச் சந்தித்ததையும், பெர்லினுக்குப் போய் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய ஒருவரிடம் பேசியதையும் 2022-இல் அவரே சொன்னார். வாழ்க்கையில் செய்த பெரிய தவறுகளில் ஒன்று என்றார், வெட்கப்பட்டேன் என்றார். கவனித்தீர்களா, தன்மையில் சொன்னார். உங்கள் அலுவலகத்தின் கையை விட்டுப் போன பிறகுதான் அந்தப் பையனுக்குத் தன்மை இடம் வந்தது. அடுத்த ஆண்டு வெளியிட்ட நினைவுக்குறிப்பில், எதை அணிவது என்று அண்ணனையும் அண்ணியாரையும் கேட்டதாகவும், அவர்கள் சிரித்து நாஜி உடையையே போடச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். அது அண்ணன் தம்பி வழக்கு, நான் அதில் தலையிட மாட்டேன்.

கொதிப்போடு எழுதிக்கொண்டே வந்தவள் இங்கே சற்று நிற்கிறேன். என் பக்கத்துக் கணக்கையும் சொல்லியாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் பள்ளியில் ஒரு மாறுவேடப் போட்டி. தலைப்பு ‘நம் ஊர் மனிதர்கள்’. வைத்தது நான். கட்டபொம்மன், பாரதியார், ஔவையார் என்று வந்தே சலித்துவிட்டது, கொஞ்சம் புதிதாக இருக்கட்டும் என்று வைத்தேன். எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பையன்கள் குறவன் குறத்தியாக வந்தார்கள். கழுத்து நிறையப் பாசிமணி, கையில் உண்டிவில், தோளில் ஒரு சாக்கு, சாக்குக்குள் ஒரு பொம்மைப் பூனை. ‘சாமியோ’ என்று ஒரு குரல். அரங்கமே உருண்டு சிரித்தது. நான் நடுவர். நானும் சிரித்தேன். இரண்டாம் பரிசு கொடுத்தேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பஸ் நிலையத்தில் அவள் அம்மா ஊசியும் பாசியும் விற்றுக்கொண்டிருப்பார். மறுநாள் காலை அந்தப் பெண் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை, முறையிடவில்லை. முடிந்து வைத்திருந்த கைக்குட்டையை அவிழ்த்து ஒரு மணிமாலையை எடுத்து நீட்டினாள். “அம்மா, நேற்று அந்த அண்ணன்கள் போட்டிருந்தது எங்கள் மணி இல்லை. அது கடையில் வாங்கினது. எங்கள் அம்மா கோத்தால் இப்படி இருக்கும்” என்றாள்.

சிவப்பும் கறுப்புமாக மாற்றி மாற்றி, இடையில் ஒவ்வொரு வெள்ளை மணி. இழை பிசகாத கோப்பு. வாங்கிக்கொண்டேன். “நன்றாக இருக்கிறது” என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை மன்னிப்புக் கடிதங்களைத் திருப்பி அனுப்பியவள், எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. அந்தப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை. யாரையும் வெறுத்து அந்த வேடம் போடவில்லை. தலைப்பு கேட்டது, கொடுத்தார்கள். கேட்டவள் நான். குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு 2023-இல் தடை விதித்த செய்தியைப் படித்த அன்று அந்த மாலையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நூல் கொஞ்சம் இற்றிருந்தது.

தலைப்பு வைத்தவர்களைத் தேடிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்பதற்கு இதுதான் காரணம்.

ஹாரி கட்டிய அந்த ஸ்வஸ்திக் பட்டையால் நேர்ந்த ஒரு பக்க விளைவையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. படம் வெளியான கையோடு ஜெர்மானிய அரசியல்வாதிகள் சிலர் ஐரோப்பா முழுவதும் ஸ்வஸ்திக் சின்னத்தைத் தடை செய்ய வேண்டும் என்று கிளம்பினார்கள். பிரிட்டனில் வாழும் இந்துக்கள் பதறிப்போய், அது எங்கள் வீட்டு வாசல் சின்னம் ஐயா என்று விளக்கிக்கொண்டு நின்றார்கள். தடை வரவில்லை. திருச்சிக்குப் பக்கத்தில் திருவெள்ளறையில், தந்திவர்ம பல்லவன் காலத்தில் கம்பன் அரையன் என்பவன் வெட்டிய ஒரு கிணறு இருக்கிறது. நான்கு பக்கமும் படி இறங்கி, ஒவ்வொரு படிவழியும் ஒரு திருப்பம் திரும்பி நீருக்குப் போகும். மேலிருந்து பார்த்தால் அச்சு அசல் ஸ்வஸ்திக். குளிப்பவர் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி வெட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். பன்னிரண்டு நூற்றாண்டாகத் தண்ணீர் மொண்ட படிக்கட்டு. ஒருவன் திருடினான், ஒருவன் விருந்துக்கு மாட்டினான், விளக்கம் சொல்லும் வேலை மட்டும் சுதேசிகளுக்கு வந்தது.

அந்தத் தலைப்பு அன்றோடு போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. சாண்ட்ஹர்ஸ்டில் உடன் பயின்ற பாகிஸ்தான் ராணுவ வீரரை ஹாரி இழிவான பட்டப்பெயரால் குறிப்பிட்ட ஒளிப்பதிவு 2009-இல் வெளியானது. அதில் வஞ்சம் எதுவும் இல்லை, படைப்பிரிவில் எல்லோருக்கும் பிடித்தவரை அழைத்த செல்லப்பெயர்தான் என்று விளக்கம் தந்தது அரண்மனை. 2017 கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கென்ட் இளவரசி மைக்கேல் கறுப்பின மனிதத் தலை பொறித்த உடை ஊசியைக் குத்திக்கொண்டு வந்தார். ஹாரி மணக்கவிருந்த மேகனும் வந்திருந்த விருந்து அது. முன்பும் பலமுறை அணிந்ததுதான் என்று விளக்கம் வந்தது. முன்பு பலமுறை பார்த்தவர்கள் யாருமே சொல்லவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது.

2022 மார்ச்சில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் எடுத்த படம் உங்கள் கோப்பில் இருக்கும். மேலே திறந்த பழைய லேண்ட்ரோவர். எலிசபெத் அரசியாரும் கணவரும் முன்பு அதே வண்டியில் நின்று ஊர்வலம் போனதாகச் செய்திகள் கூறின. அதில் வில்லியம் வெள்ளைவெளேர் என்ற ராணுவச் சீருடையில், மார்பு நிறையப் பதக்கங்களோடு, அருகில் வெள்ளை உடையில் மனைவியார். பார்த்த மறுநொடி எனக்குத் தோன்றியது இதுதான்: 2005-இல் சிங்கமாகப் போனவர் தலைப்பின் மறுபாதியை இப்போது போட்டுக்கொண்டிருக்கிறார். இந்த முறை அது மாறுவேடம் இல்லை, அலுவல் உடை. யாரும் கெட்ட எண்ணத்தோடு அந்த வண்டியை ஏற்பாடு செய்திருக்க மாட்டார்கள். அழகாக இருக்கும் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அந்தப் பயணத்தில் அடிமை வாணிபம் பற்றி வில்லியம் ஆழ்ந்த துயரம் தெரிவித்தார். மன்னர் சார்லஸ் 2023-இல் கென்யாவுக்குப் போய், காலனி ஆட்சியில் நடந்த கொடுமைகள் பற்றி மிகுந்த வருத்தம் தெரிவித்தார். 1997-இல் எலிசபெத் அரசியார் ஜாலியன்வாலா பாகில் மலர்வளையம் வைத்துத் தலை தாழ்த்தினார். துயரம், வருத்தம், தலைவணக்கம். ‘வருந்துகிறேன்’ என்பதும் ‘மன்னித்துவிடுங்கள்’ என்பதும் ஒன்றல்ல என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மழை பெய்து விழா கெட்டால் வருந்தலாம், மழையின் சார்பில் மன்னிப்புக் கேட்க முடியாது. பந்தலைப் பிரித்தது நீயாக இருந்தால் வருத்தம் போதாது.

அதெல்லாம் அரசாங்கம் முடிவு செய்ய வேண்டியது, அரண்மனை தன்னிச்சையாகப் பேச முடியாது என்பீர்கள். சரி. பேரரசின் பாவங்களுக்கு உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு பிறந்தநாள் விருந்தின் அழைப்பிதழைப் பற்றித்தானே கேட்கிறேன்? அதற்கு எந்த அமைச்சரவையின் ஒப்புதல் வேண்டும்? ‘அந்தத் தலைப்பு தவறு. அந்த அழைப்பை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏற்றிருக்கக்கூடாது.’ இரண்டே வாக்கியம், உங்களுக்குப் பழகிய அளவுதான்.

கடைசியாக ஒரு சுதேசியைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஹாரி அணிந்த சீருடைக்காரர்களை எதிர்த்து வடஆப்பிரிக்காவில் போரிட்டவர்களில் நான்காவது இந்தியப் படைப்பிரிவும் உண்டு. 1943 மே மாதம் துனிசியாவில் ஜெர்மன் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைந்தது அந்தப் பிரிவிடம். போர் அங்கிருந்து இத்தாலிக்கு நகர்ந்தது. அங்கே மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் சுபேதார் சுப்பிரமணியன் என்று ஒருவர், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர். ஜெர்மானியர் புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளைத் தேடி எடுப்பது வேலை. 1944 பிப்ரவரி 24 அன்று மிஞ்ஞானோ என்ற ஊருக்கு அருகே வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வெடி உயிர்பெற்றது. வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. சுப்பிரமணியன் அதன் மேல் விழுந்து தன் உடம்பால் மூடிக்கொண்டார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது.  அந்த விருதை 1940-இல் ஏற்படுத்தியவர் ஆறாம் ஜார்ஜ் மன்னர், ஹாரிக்கும் வில்லியமுக்கும் கொள்ளுத் தாத்தா. கொள்ளுத் தாத்தா பதக்கம் கொடுத்த மனிதரைக் கொள்ளுப் பேரன்கள் போன விருந்தின் தலைப்பு எந்த வரிசையில் நிறுத்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே வந்தால் அரண்மனைத் தோட்டத்து மதிலை ஒட்டியே கான்ஸ்டிடியூஷன் ஹில் சாலை போகிறது. அதன் மேற்கு முனையில் நான்கு கல்தூண்கள். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், ஆப்பிரிக்கா, கரீபியன் தீவுகள் என்று பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு உலகப் போர்களிலும் உங்களுக்காகப் போன 50 லட்சம் பேருக்கான நினைவு வாயில். 2002 நவம்பரில் எலிசபெத் அரசியார்தான் திறந்து வைத்தார், அந்த விருந்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. பக்கத்தில் ஒரு சிறிய மண்டபம். அதன் கூரையின் உட்புறத்தில், விக்டோரியா சிலுவையும் ஜார்ஜ் சிலுவையும் பெற்ற அந்த நாட்டு வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. மேசையில் தேநீர் ஆறுவதற்குள் போய்த் திரும்பிவிடலாம். அண்ணாந்துதான் படிக்க வேண்டும். அடுத்த தலைமுறை இளவரசப் பிள்ளைகள் வளர்ந்து வருகிறார்கள், அவர்களுக்கும் பிறந்தநாள் அழைப்புகள் வரும். முடிந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்கள் வீட்டுப் போட்டி வரும் வெள்ளிக்கிழமை. பேத்தியிடம் சுபேதார் கதையைச் சொன்னேன். இரண்டு நாள் கேள்விகளாகக் கேட்டாள். கறுப்பு மை வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். காக்கி அரைக்கால் சட்டை கிடைத்துவிட்டது. துடைப்பக் கட்டையின் நுனியில் பழைய எவர்சில்வர் தட்டைக் கட்டிக் கண்ணிவெடி தேடும் கருவி செய்திருக்கிறோம், கழன்று கழன்று விழுகிறது. ‘உலக மக்கள்’ என்ற தலைப்புக்கு இது எப்படிப் பொருந்தும் என்று வகுப்பாசிரியை கேட்டு அனுப்பியிருக்கிறார். பதில் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியை